அப்டேட்டுக்குப் பிறகு கைரேகை போச்சா, வைஃபை போச்சா: காத்திருப்பதா, ரீசெட்டா, சர்வீஸ் சென்டரா?

ராத்திரி சார்ஜில் போட்டு, அப்டேட்டுக்குச் ‘சரி’ கொடுத்துவிட்டுப் படுத்தாயிற்று. காலையில் எடுத்தால் கைரேகையை ஏற்க மறுக்கிறது. இல்லையென்றால் வைஃபை பொத்தானைத் தள்ளினால் ஒரு நொடி எரிந்து, திரும்ப அணைந்துவிடுகிறது. யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்வார்கள். ‘அடுத்த அப்டேட்ல சரியாயிடும்’ என்பார் ஆபீஸ் நண்பர். ‘ஃபேக்டரி ரீசெட் போடுக்கா’ என்பான் தம்பி. தெருமுனைக் கடைக்காரர், ‘சாஃப்ட்வேர் அடிச்சாப் போதும் சார்’ என்பார். சர்வீஸ் சென்டரில் ‘போர்டு மாத்தணும்’ என்று போன் வாங்கிய விலையில் பாதிக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பார்கள்.

நாலு பேர் சொல்வதும் ஏதோ ஒரு சூழலில் சரிதான். உங்களுடையது எந்தச் சூழல் என்று தெரியாமல் ஒன்றைப் பிடித்துக்கொள்வதில்தான் சிக்கல். குறிப்பாக, அவசரப்பட்டு முதலில் ஃபேக்டரி ரீசெட் போடுவது. அதைக் கடைசிப் படியில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல்: செய்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? காத்திருந்தால் நாளைக்கு மனம் மாறலாம். பூட்லோடரை (போன் எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று காவல் காக்கும் பூட்டு) திறந்துவிட்டால் சில போன்களில் எந்தக் காலத்திலும் பழையபடி ஆகாது. திரும்ப முடியாதது எதுவோ அது வரிசையில் கடைசி.

அடுத்தது டேட்டா. போட்டோ மட்டும் இல்லை. வாட்ஸ்அப் சாட், ஓடிபி ஆப் (கூகுள் ஆதென்டிகேட்டர் போன்றவை), யுபிஐ பதிவு எல்லாம் சேர்த்து. அப்புறம் வாரண்டி, அதன் பிறகு பணமும் அலைச்சலும். கடைசியாக, பலர் கேட்கவே கேட்காத கேள்வி: இந்த வழி உண்மையான காரணத்தைத் தொடுகிறதா? பாகம் செத்திருந்தால் எத்தனை ரீசெட் போட்டாலும் அது எழுந்து வராது.

## அதற்கு முன் ஒரு அரை மணி நேரம்

உங்களுக்கு மட்டும்தானா, எல்லோருக்குமா என்று பாருங்கள். போன் மாடல், அப்டேட்டின் பதிப்பு எண், கெட்டுப்போன வசதி, மூன்றையும் சேர்த்துத் தேடினால் போதும். அதே மாடல்காரர்கள் அதே வாரத்தில் அதே குறையைச் சொல்கிறார்கள் என்றால் கோளாறு மென்பொருளில். யாருமே சொல்லவில்லை என்றால் உங்கள் போனைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கெடுத்தது போனின் அப்டேட்டா, ஆப்பின் அப்டேட்டா என்பதையும் பிரித்துப் பாருங்கள். 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற ஒரு உள் ஆப்புக்கு வந்த கோளாறான அப்டேட்டால், ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. அந்த ஒரு ஆப்பின் அப்டேட்டை நீக்கினாலே தீர்ந்தது. மறுநாளுக்குள் திருத்தமும் வந்தது. அதற்குள் ரீசெட் போட்டவர்கள் வீணாகப் போனைத் துடைத்தார்கள். போனை சேஃப் மோடில், அதாவது நாம் போட்ட ஆப்கள் இல்லாமல், ஏற்றிப் பார்ப்பதும் இதற்காகத்தான். அங்கே வேலை செய்தால் நீங்கள் போட்ட ஏதோ ஒரு ஆப்தான் இடைஞ்சல்.

இப்போது கோளாறை நெருங்கிப் பாருங்கள். செட்டிங்ஸில் கைரேகை என்ற மெனு இருக்கிறது, விரல் வைத்தால்தான் ஏற்கவில்லை என்றால், பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய விஷயம். பதிந்த ரேகைகளை அழித்துவிட்டு, திரையைத் துடைத்து, மறுபடி பதியுங்கள். டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டும் ஒரு தடவை பாருங்கள். மெனுவே காணாமல் போயிருந்தால் கதை வேறு: சென்சார் இருப்பதே போனுக்குத் தெரியவில்லை.

வைஃபைக்கும் இப்படி ஒரு அடையாளம் உண்டு. ‘போனைப் பற்றி’ பக்கத்தில் வைஃபை மேக் முகவரி (வைஃபை சிப்பின் அடையாள எண்) 02:00:00:00:00:00 என்றோ ‘கிடைக்கவில்லை’ என்றோ இருந்து, பொத்தானும் ஆன் ஆகவில்லை என்றால், சிப்போ அதன் பற்றவைப்போ போயிருக்க நிறைய வாய்ப்பு. சிக்னல் போனவர்கள் *#06# அடித்து ஐஎம்இஐ எண் (போனின் 15 இலக்க அடையாள எண்) வருகிறதா என்று பார்க்கலாம். பெரும்பாலான சாம்சங் போன்களில் *#0*# அடித்தால் பாகங்களைச் சோதிக்கும் திரை வரும், ஷாவ்மியில் *#*#6484#*#*. கடைக்காரர் செய்யும் முதல் சோதனையும் இதுதான், நாமே செய்துகொள்ளலாம்.

அப்டேட் அன்றைக்குக் கெட்டது என்பதால் அப்டேட்தான் கெடுத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். அப்டேட்டின்போது போன் வெகுநேரம் முழு மூச்சாக ஓடிச் சூடாகிறது. ஏற்கெனவே தளர்ந்திருந்த இணைப்பு அந்தச் சூட்டில் கைவிரித்துவிடலாம். போன மாதம் கீழே விழுந்த போனா, ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றிய போனா என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | டேட்டா | கைக்காசு | வாரண்டி | திரும்பலாமா | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| காத்திருப்பது | பத்திரம் | இல்லை | நாள் ஓடும் | ஆம் | பலருக்கும் அதே குறை இருந்தால் |
| சிறு ரீசெட் | பத்திரம் | இல்லை | பாதிப்பில்லை | ஆம் | எல்லோருக்கும் |
| ஃபேக்டரி ரீசெட் | போய்விடும் | இல்லை | பாதிப்பில்லை | இல்லை | மற்றதெல்லாம் தோற்றபின் |
| பழைய பதிப்புக்கு இறங்குவது | போய்விடும் | இல்லை, அல்லது கடைக்கூலி | சிக்கலாகலாம் | பல நேரம் இல்லை | நிறுவனமே வழி தந்தால் |
| சர்வீஸ் சென்டர் | பெரும்பாலும் போகும் | வாரண்டியில் இல்லை. வெளியே அதிகம் | காக்கப்படும் | பொருந்தாது | பாகக் கோளாறு, வாரண்டி உள்ள போன் |
| வெளிக்கடை | தப்பலாம் | குறைவு | போய்விடும் | இல்லை | வாரண்டி முடிந்த போன் |

## காத்திருப்பது

சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் கோளாறு எல்லோருக்கும் இருக்கும்போது இதுதான் நல்ல வழி. 2014 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6, 6 பிளஸ் போன்களில் சிக்னலையும் டச் ஐடி என்ற கைரேகை வசதியையும் சேர்த்துக் கொன்றது. ஒரு மணி நேரம் போல இருந்ததும் ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்றது, மறுநாளே 8.0.2 வந்துவிட்டது. எப்போதும் இவ்வளவு வேகம் இருக்காது. 2021 டிசம்பரில் பிக்சல் 6 போன்களுக்கு வந்த அப்டேட்டால் அழைப்புகள் துண்டாயின. கூகுள் அதை நிறுத்திவைத்து, திருத்தத்தை ஜனவரியில்தான் கொடுத்தது.

காத்திருப்பதன் அருமையைக் காட்டும் உதாரணம் 2023 அக்டோபரில் நடந்தது. ஆண்ட்ராய்டு 14-க்கு மாறிய பிக்சல் போன்களில், ஒன்றுக்கு மேற்பட்ட யூசர் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு உள் சேமிப்பகமே திறக்கவில்லை. சிலர் பயந்து ரீசெட் போட்டார்கள். உள்ளே இருந்ததெல்லாம் போனது. பொறுத்திருந்தவர்களில் போன் ஓரளவு ஓடிக்கொண்டிருந்த பலருக்கு நவம்பர் அப்டேட்டில் கோப்புகள் திரும்பக் கிடைத்தன.

இதன் மறைமுகச் செலவு வாரண்டி நாள்காட்டி. இரண்டு மாதம் பொறுத்திருந்து, பாகக் கோளாறு என்று தெரியவரும்போது வாரண்டி போன வாரம் முடிந்திருக்கும். அதனால் பொறுப்பது பொறுங்கள், ஆனால் புகாரை இன்றைக்கே பதிந்துவிடுங்கள். நிறுவனத்தின் ஆப் வழியாகவோ மின்னஞ்சலிலோ எழுதி, புகார் எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. மாதாந்திர அப்டேட் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பொறுக்கவே கூடாத இடம் இரண்டு. உங்கள் மாடலுக்கு அப்டேட் தருவதையே நிறுவனம் நிறுத்திவிட்டது என்றால் வராத பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். பேட்டரி உப்பினாலோ, போன் தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ அன்றைக்கே அணைத்து எடுத்துப் போங்கள்.

## ரீசெட்: சின்னதிலிருந்து பெரியதுக்கு

ரீசெட் என்றால் எல்லாவற்றையும் அழிப்பது என்று நினைக்கிறோம். அதில் படிகள் உண்டு. வைஃபை, புளூடூத், மொபைல் டேட்டா கோளாறுகளுக்கு நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் மட்டும் போதும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் காரோடும் ஹெட்செட்டோடும் கட்டிய புளூடூத் ஜோடிகளும்தான் போகும். அதற்கடுத்து ‘எல்லா செட்டிங்ஸையும் ரீசெட் செய்’ என்பது, போட்டோ, ஆப்களைத் தொடாது. சாம்சங் போன்களில் ரிகவரி மெனுவில் (போனை அணைத்து, பொத்தான்களை அழுத்தித் திறக்கும் பழுதுபார்ப்பு மெனு) கேஷ் பார்ட்டிஷனை, அதாவது தற்காலிகக் கோப்புகள் இருக்கும் பகுதியை, துடைக்கும் வசதியும் உண்டு. புது மாடல்களில் அந்த மெனுவுக்குள் போக, போனைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டுத்தான் பொத்தான்களை அழுத்த வேண்டும். பிக்சல் போன்ற போன்களில் இந்தப் பார்ட்டிஷனே கிடையாது, தேடி அலைய வேண்டாம்.

இந்த மூன்றிலும் நஷ்டம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் யோசிக்காமல் செய்யலாம்.

ஃபேக்டரி ரீசெட்தான் விவகாரம். ‘காசு இல்லாத வழி’ என்பார்கள். நம் ஊரில் அதன் விலை ஓடிபியில் இருக்கிறது. யுபிஐ ஆப் அனைத்தையும் மறுபடி பதிய வேண்டும். புதிதாகப் பதிந்ததும் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாத வங்கிகள் இருக்கின்றன. வாடகை கட்டும் தேதிக்கு முந்தின நாள் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள். இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வைத்திருப்பவர்கள் ரீசெட் திரையில் ‘இசிம்களையும் அழி’ என்ற டிக்கைக் கவனிக்க வேண்டும். அழிந்துவிட்டால் திரும்ப வாங்க வேண்டும். அதை சிம் மாற்றமாகக் கணக்கில் எடுத்தால் மோசடியைத் தடுக்க ஒரு நாள் எஸ்எம்எஸ் நிறுத்தப்படும். எஸ்எம்எஸ் இல்லாமல் எந்த வங்கி ஆப்பும் உள்ளே விடாது.

ஓடிபி ஆப்பை மறந்துவிடுவோம். கூகுள் ஆதென்டிகேட்டரில் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023-இல்தான் வந்தது. அதை ஆன் செய்யாமல் வைத்திருந்தால் குறியீடுகள் போனோடு போகும். வாட்ஸ்அப்புக்குக் கடைசியாக எப்போது பேக்கப் எடுத்தது என்று தேதியைப் பாருங்கள், ‘தானா எடுக்கும்’ என்று நம்ப வேண்டாம். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா? இல்லையென்றால், ரிகவரி மெனு வழியாக ரீசெட் போட்ட போன் பழைய கணக்கைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். அப்பா அம்மாவின் போனுக்கு ரீசெட் போடும் பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். அந்தக் கணக்கைப் போன் வாங்கிய அன்று கடைப்பையன் திறந்து கொடுத்திருப்பான்.

இத்தனையும் தயார் செய்துவிட்டு, பெரிய பதிப்பு மாறிய அப்டேட்டுக்குப் பிறகு, யாரும் சொல்லாத விநோதமான மென்பொருள் கோளாறு என்றால், ஃபேக்டரி ரீசெட் பலிக்கிறது. பழைய பதிப்பின் மிச்சம்மீதி அப்போதுதான் துடைபடுகிறது. ஆனால் ரீசெட் போட்டபின் எல்லா ஆப்களையும் ஒரே மூச்சில் இறக்காமல், காலிப் போனிலேயே கைரேகையைச் சோதித்துவிடுங்கள். அங்கேயும் வேலை செய்யவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது: பாகம்.

## பழைய பதிப்புக்கு இறங்குவது

‘புதுசு போட்டதால் கெட்டது, பழசைப் போடு’ என்பது நியாயமான யோசனைதான். நிறுவனங்கள் விடுவதில்லை. ஐபோனில், ஆப்பிள் கையெழுத்திடும், அதாவது டிஜிட்டல் முறையில் அனுமதி தரும், பதிப்பை மட்டுமே ஏற்ற முடியும். புது பதிப்பு வந்து கொஞ்ச நாளில் பழையதற்குக் கையெழுத்து நிறுத்தப்படும். அதனால் ஐபோன்காரர்களுக்கு இந்தக் கதவு அப்டேட் வந்த சில நாட்களுக்கு மட்டுமே திறந்திருக்கும்.

சாம்சங்கில் பில்ட் எண்ணின் (மென்பொருள் பதிப்பைக் குறிக்கும் நீண்ட குறியீடு) கடைசியிலிருந்து ஐந்தாவது இடத்தில் உள்ள எண் அல்லது எழுத்துதான் பூட்லோடர் பதிப்பு. நீங்கள் போக நினைக்கும் பழைய மென்பொருளிலும் அதே குறி இருந்தால் இறங்கலாம். அதைவிடச் சிறியது என்றால் போன் மறுத்துவிடும். பிக்சல் 6, 6 புரோ, 6ஏ போன்களில் 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, அதைப் போட்ட பிறகு 12-க்குத் திரும்ப முடியாதபடி கூகுள் பூட்டிவிட்டது. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போனின் பேட்டரித் திறனைக் குறைத்த அப்டேட் வந்ததும் பழைய மென்பொருள் கோப்புகளைத் தன் தளத்திலிருந்தே கூகுள் எடுத்துவிட்டது. பதிலுக்கு இலவச பேட்டரி மாற்றமோ பணமோ தருவதாக அறிவித்தது. ஒன்பிளஸ் மாதிரி சில நிறுவனங்கள் சில மாடல்களுக்கு அதிகாரபூர்வமாகவே இறங்கும் கோப்பைத் தருவதுண்டு. அப்படித் தந்தால் தாராளமாகச் செய்யலாம், டேட்டா போகும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு.

தராத போனில் பூட்லோடரைத் திறந்து செய்வது வேறு விளையாட்டு. திறக்கும்போதே போன் முழுதாகத் துடைபடும். சாம்சங்கில் வேற்று மென்பொருள் ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்புக் குறி நிரந்தரமாக மாறி, செக்யூர் ஃபோல்டர் போன்றவை பிறகு எப்போதும் வராது. திறந்த போனில் ஓட மறுக்கும் வங்கி ஆப்களும் உண்டு. போதாததற்கு, பழைய பதிப்பில் நின்றால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். கைரேகை வந்து ஜிபே போவது லாபமா என்று நீங்களே பாருங்கள். ஆர்வத்துக்காக இரண்டாவது போனில் செய்பவர்களை நான் தடுக்கவில்லை.

## சர்வீஸ் சென்டர்

வாரண்டி இருக்கிறது, பாகம்தான் என்று சோதனையிலும் தெரிகிறது என்றால் நேரே இங்கே. வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

போகும் முன் பேக்கப் எடுங்கள். முதல் காரியமாக மென்பொருளை மறுபடி ஏற்றுவார்கள், டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்தும் வாங்குவார்கள். சாம்சங்கில் மெயின்டெனன்ஸ் மோடும் பிக்சலில் ரிப்பேர் மோடும் இருக்கின்றன. ஆன் செய்துவிட்டுக் கொடுத்தால் சரிபார்ப்பவருக்குப் போன் திறக்கும், உங்கள் போட்டோவும் சாட்டும் தெரியாது. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜாப் ஷீட்டில் (போனை வாங்கிக்கொண்டு தரும் ரசீது) என்ன எழுதுகிறார்கள் என்று நின்று படியுங்கள். ‘கைரேகை வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதுவார்கள். ‘இந்தத் தேதியில், இந்தப் பதிப்பு அப்டேட் போட்டதிலிருந்து’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். திரையில் ஏற்கெனவே இருக்கும் கீறலையும் குறிக்கச் சொல்லுங்கள், பிறகு அதைக் காட்டி ‘கீழே விழுந்த போன்’ என்று வாரண்டியை மறுக்காமல் இருக்க.

வாரண்டி முடிந்த போனுக்குத்தான் வலி. திரைக்கடியில் சென்சார் உள்ள போனில், கைரேகைக்காகத் திரையையே மாற்றச் சொல்வதுண்டு. அதற்கு முன் சென்சாரைக் கேலிபரேட் செய்து, அதாவது அதன் அளவைச் சரிப்படுத்தி, பார்த்தார்களா என்று கேளுங்கள். போர்டு என்றால் எஸ்டிமேட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். பார்த்ததற்கான கட்டணம் மட்டும் எவ்வளவு என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொன்று. உங்கள் மாடலுக்குத் தனிச் சலுகை ஏதும் இருக்கிறதா? அப்டேட்டுக்குப் பிறகு அமோலெட் திரையில் பச்சைக்கோடு விழுந்த பிரச்சினையில், இந்தியாவில் சாம்சங், ஒன்பிளஸ் இரண்டுமே குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகத் திரை மாற்றித் தந்திருக்கின்றன. வரவேற்பில் இருப்பவர் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால்தான் உண்டு.

மறுத்தால், இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே உதவுவது அந்த ஜாப் ஷீட்டும் முதல் நாள் புகார் எண்ணும்தான். அப்டேட்டுக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டியது உலகத்தில் புதிதல்ல: போனை மந்தமாக்கிய அப்டேட்டுகளுக்காக 2018-இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது.

வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த போன், சென்னை பர்மா பஜாரில் வாங்கிய வெளிநாட்டு போன் என்றால் இந்தப் பகுதி உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். ஆண்ட்ராய்டு போன்களின் வாரண்டி பெரும்பாலும் விற்ற நாட்டோடு சரி.

## வெளிக்கடை

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு மாதிரி இடங்களில் போர்டு வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றச் சொல்லும் வைஃபை கோளாறை, அந்த ஒரு சிப்பை மட்டும் சூடுபடுத்தி எடுத்து மறுபடி பற்றவைத்துச் சரிசெய்துவிடுவார்கள். போர்டு மாறாததால் டேட்டாவும் தப்பும். வாரண்டி முடிந்த, நடுத்தர விலைப் போனுக்கு என் ஓட்டு இங்கேதான்.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம். கைரேகைக்காக டிஸ்ப்ளே மாற்றச் சொன்னால், போடப்போவது ஒரிஜினலா, காப்பியா என்று கேளுங்கள். ஓஎல்இடி திரைக்குப் பதிலாக மலிவான எல்சிடி காப்பியைப் போட்டால், திரைக்கடியில் ஒளியால் ரேகையைப் படிக்கும் ஆப்டிகல் சென்சார் அதன் வழியாகப் பார்க்கவே முடியாது. கைரேகைக்காகப் போய், கைரேகையை நிரந்தரமாக இழந்து வருவீர்கள். இரண்டாவது, வெளிப்பாகம் போட்ட போன் அடுத்த அப்டேட்டில் என்ன செய்யும் என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது. வெளியில் ஹோம் பட்டன் மாற்றிய ஐபோன்கள் அப்டேட்டுக்குப் பிறகு ‘எரர் 53’ காட்டி உயிரைவிட்டன. 2016 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்தம் கொடுத்தது, 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதித்தது. அதே 2018-இல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது வெளித்திரை போட்ட ஐபோன் 8-களில் தொடுதிரை நின்றுபோய், 11.3.1-இல்தான் திரும்பியது.

‘சாஃப்ட்வேர் அடிச்சுத் தரேன்’ என்று மட்டும் சொல்லும் கடை என்றால், எந்தப் பதிப்பை ஏற்றுவார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் போனை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

## போனையே மாற்றுவது

பழுதுச் செலவு, அதே மாடலின் செகண்ட்ஹேண்ட் விலையில் பாதியைத் தாண்டினால், அதோடு அப்டேட் ஆதரவும் முடியும் தறுவாயில் இருந்தால், மாற்றிவிடலாம். கைரேகை மட்டும் போன போனைப் பின் நம்பர் வைத்தே இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். அதற்காக மாற்றுவது வீண். சிக்னலோ வைஃபையோ போனது அப்படி இல்லை.

எக்ஸ்சேஞ்சில் வைஃபை, கைரேகை இரண்டையும் சோதித்துத்தான் விலை போடுவார்கள், நன்றாகவே குறைப்பார்கள். போர்டு வேலை செய்யும் கடைகள் இத்தகைய போனை உதிரிப் பாகத்துக்காக வாங்குவதுண்டு, அங்கேயும் ஒரு விலை கேட்டுப் பாருங்கள். எங்கே கொடுத்தாலும், கொடுக்கும் முன் கூகுள் கணக்கை போனிலிருந்து நீக்கிவிட்டு, பிறகு ரீசெட் போடுங்கள். சிம் பழைய போனுக்குள் இருக்கும்போதே வங்கி ஆப்களைப் புது போனுக்கு மாற்றப் பார்க்காதீர்கள்; அவை சிம் எந்தப் போனில் இருக்கிறதோ அங்கேதான் பதியும்.